வடம் வந்தது; கல்வி வந்ததா?
மைக்குரோனீசியத் தீவுக் கல்லூரியும் இணையமும்

தொலைவு என்பது இறந்துவிட்டது என்னும் கூற்று அண்மைக்காலக் கல்விச் சிந்தனையில் ஏறத்தாழ ஒரு மூடநம்பிக்கையின் நிலையை எய்தியுள்ளது. கடலடி வடமொன்று கரையை அடைந்ததும் அக்கரையிலுள்ளோர் அனைவரும் உலகின் பெரும் நூலகங்களுக்கு அயலவராகிவிட்டனர் என்று அறிக்கைகள் எழுதப்படுகின்றன, நாடாக்கள் வெட்டப்படுகின்றன, அமைச்சர்கள் உரையாற்றுகின்றனர். அக்கரையிலுள்ள கல்லூரி மாணவன் அன்று மாலை என்ன படித்தான், எவ்வாறு படித்தான், எம்மொழியில் படித்தான் என்ற வினாக்கள் மட்டும் எழுப்பப்படுவதில்லை. வினாக்கள் எழுப்பப்படாதவிடத்து விடைகளும் இருப்பதில்லை. தீவுச் சமுதாயமொன்றின் கல்லூரிக்கு இணையம் வந்த கதையை ஆராய்வோர் இப்பொய்மையை எளிதிற் கண்டுகொள்வர்.

மேற்குப் பசிபிக்கில் மைக்குரோனீசியக் கூட்டாட்சி நாடுகள் என்னும் அரசு உள்ளது. யாப், சூக், போன்பே, கொஸ்ராய் என்னும் நான்கு மாநிலங்களும் 607 தீவுகளும் அதில் அடங்கும். நிலப்பரப்பு ஏறத்தாழ 700 சதுரக் கிலோமீற்றர் மாத்திரமே. அந்நிலம் சிதறிக் கிடக்கும் கடலோ இலட்சக்கணக்கான சதுரக் கிலோமீற்றர் விரிவுடையது. 2010ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மக்கள்தொகை ஒரு இலட்சத்தைச் சற்றே தாண்டியது. இந்நாட்டின் உயர்கல்வியைத் தாங்கி நிற்பது ஒரேயொரு சமுதாயக் கல்லூரி. 1963இல் போன்பேயில் ஆசிரியர் பயிற்சி நிலையமாகத் தொடங்கி, 1970இல் சமுதாயக் கல்லூரியாகி, 1993இல் கூட்டாட்சியின் சொந்தக் கல்லூரியாக மறுசீரமைக்கப்பட்டதே மைக்குரோனீசியக் கல்லூரி. அதன் தேசிய வளாகம் பலிகிரில் உள்ளது. ஒவ்வொரு மாநிலத்திலும் அதற்கு வளாகமுண்டு. யாப்பும் சூக்கும் ஒரு நேர வலயத்தில் இருக்க, போன்பேயும் கொஸ்ராயும் மற்றொன்றில் உள்ளன. ஒரே கல்லூரியின் மணிகூட ஒரே நேரத்தில் ஒலிப்பதில்லை. இத்தகைய கல்லூரிக்குத் தொலைத்தொடர்பு என்பது அலங்காரமன்று. அது உடலின் நரம்பு போன்றது.

இத்தேவை நேற்றுத் தோன்றியதுமன்று. ஐக்கிய அமெரிக்க விண்வெளி நிறுவனம் 1966 டிசம்பரில் ஏவிய ஏ.ரி.எஸ்.-1 என்னும் பரிசோதனைச் செய்மதியை ஆதாரமாகக் கொண்டு, ஹவாய்ப் பல்கலைக்கழகம் 1971இல் பீஸ்சற் என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. பசிபிக் தீவுகளின் கல்வி நிறுவனங்களும் மருத்துவ நிலையங்களும் எளிய அலைவாங்கிகளின் துணையுடன் ஒன்றோடொன்று பேசின. பெரும்பாலும் குரலே செல்லும். ஒருவர் பேசும்போது ஏனையோர் காத்திருத்தல் வேண்டும். இன்றைய அளவுகோலின்படி அது மிக வறிய தொடர்பு. ஆயினும் அதில் இரு சிறப்புகள் இருந்தன. முதலாவது, தீவு தீவுடன் பேசிற்று. பெருநாடொன்று பேச ஏனையோர் செவிமடுக்கும் நிலை அங்கு கட்டாயமாக இருக்கவில்லை. இரண்டாவது, கருவி நிறுவனத்தின் கையில் இருந்தது; அதனை இயக்கவும் பழுதுபார்க்கவும் உள்ளூரார் கற்றுக்கொண்டனர்.

அத்திட்டத்தின் குறைபாடும் மறைக்கப்படலாகாது. செய்மதி பிறருடையது, பரிசோதனை முடிந்தபின் எஞ்சிய ஆயுளையே தீவுகள் பயன்படுத்தின. 1985இல் அச்செய்மதி தன் இடத்தினின்றும் விலகியபோது வலையமைப்பு முடங்கிற்று. பின்னர் வேறொரு பழைய செய்மதி கிடைத்தமையாலேயே அது மீண்டும் இயங்கலாயிற்று. பிறர் கழித்துவிட்ட பொருளின்மீது எழுப்பப்படும் கல்வி, அப்பொருளின் ஆயுளையே தன் ஆயுளாகக் கொள்ளும். இப்பாடம் 1985இலேயே கற்பிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அது கற்கப்பட்டதாகத் தெரியவில்லை.

2010இல் குவாமிலிருந்து மார்ஷல் தீவுகளின் குவாஜலீனுக்கு ஒளியிழை வடமொன்று இடப்பட்டது. குவாஜலீன் அமெரிக்க இராணுவத்தின் ஏவுகணைப் பரிசோதனைத் தளம் என்பது உலகறிந்த செய்தி. அவ்வடத்தினின்றும் போன்பேக்கும் மஜூரோவுக்கும் கிளைகள் கிடைத்தன. அதாவது, தீவுக் கல்லூரியொன்றின் முதலாவது அகன்ற பாதை, கல்வியை முதன்மை நோக்காகக் கொண்டு வகுக்கப்பட்டதன்று. இராணுவத் தேவைக்காகச் சென்ற பெருவழியின் ஓரத்தில் அமைந்த ஒற்றையடிப் பாதை அது. யாப்புக்கு 2018இலும் சூக்குக்கு 2019இலும் வடம் எட்டிற்று. சூக் வடத்துக்கு உலக வங்கி நிதி அளித்தது.

எஞ்சியது கொஸ்ராய். 2010இல் அதன் மக்கள்தொகை 6,616. போன்பேயிலிருந்து ஏறத்தாழ 550 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இத்தீவையும் நவுருவையும் கிரிபாட்டியின் தராவாவையும் இணைக்கும் கிழக்கு மைக்குரோனீசிய வடத்துக்கு 7.26 கோடி டொலர் மதிப்பில் உலக வங்கி முதலானோரின் துணையுடன் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. போட்டியிட்டோருள் சீன நிறுவனமொன்றும் இருந்தது. அந்நிறுவனம் குறித்து ஐக்கிய அமெரிக்கா பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்தது. 2021இல் மூன்று விலைமனுக்களும் நிபந்தனைகளுக்கு அமையவில்லை என்ற உத்தியோகபூர்வ விளக்கத்துடன் கேள்விப்பத்திரம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா, யப்பான், அவுஸ்திரேலியா ஆகிய மூன்றும் தாமே நிதி தருவதாக அறிவித்தன. 2023 ஜூனிலேயே யப்பானிய நிறுவனமொன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று, மதிப்பு 9.5 கோடி டொலராக உயர்ந்திருந்தது. இடையில் கழிந்த ஆண்டுகள் வல்லரசுகளின் கணக்கேட்டில் தந்திரோபாய ஆண்டுகள். கொஸ்ராய் வளாகத்தில் இரண்டாண்டுக் கற்கைநெறிக்குப் பதிவு செய்த மாணவருக்கோ அவை முழு மாணவப் பருவம். அம்மாணவர் நுழைந்து வெளியேறும் வரை அவர்களது கல்விப்பாதை பேரம் பேசப்பட்டுக்கொண்டிருந்தது.

இக்கதை இலங்கை வாசகருக்குப் புதியதன்று. யாழ்ப்பாணத்துக்கு அப்பாலுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றினதும் மின்சாரத் திட்டம் 2021 ஜனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது; இந்தியா ஆட்சேபித்தது; அதே ஆண்டு டிசம்பரில் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது; 2024 மார்ச்சிலேயே இந்திய நன்கொடையுடன் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. பசிபிக்கிலும் பாக்கு நீரிணையிலும் ஒரே ஆண்டில் அரங்கேறிய ஒரே நாடகம் இது. பாத்திரங்களின் பெயர்கள் மாறின. காத்திருந்தோர் தீவார் என்பது மட்டும் மாறவில்லை. எந்த வல்லரசின் கருவி பாதுகாப்பானது என்பது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. ஆனால் அவ்வினாவுக்கு விடைகாணும் வரையிலான இழப்பை யார் ஏற்பது என்பதும் வினாவே. அவ்விழப்பு எப்பொழுதும் தீவாரின் கணக்கிலேயே எழுதப்படுகின்றது.

இவ்விடத்தில் ஒரு சாரார் எழுந்து, வடமே வேண்டாம். தாழ் வட்டப்பாதைச் செய்மதிகள் வந்துவிட்டன. கூரையில் ஒரு தட்டை வைத்தால் பிரச்சினை தீர்ந்தது என்பர். இவ்வாதத்தில் உண்மையின் ஒரு கூறு உண்டு. புவிநிலைச் செய்மதி 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்பதால், வினாவொன்று சென்று விடை திரும்புவதற்கு ஏறத்தாழ அரை விநாடி செல்லும்; உரையாடல் தடுமாறும். ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுழலும் செய்மதிகளில் அத்தடுமாற்றம் இல்லை. வடம் ஒருபோதும் எட்டாத புறத்தீவுகளுக்கு இவை உண்மையான கொடை. வடம் அறுந்த காலங்களில் இவற்றின் அருமை இன்னும் தெளிவாகும். 2016ஆம் ஆண்டின் இறுதியில் மார்ஷல் தீவுகளின் வடம் பழுதுற்றபோது நாடு வாரக்கணக்கிற் குறுகிய செய்மதித் தொடர்பை நம்பி வாழ்ந்தது. 2022 ஜனவரி 15இல் எரிமலை வெடித்துத் தொங்காவின் வடம் துண்டிக்கப்பட்டபின், வெளிநாட்டுத் தொடர்பு வடத்தின்வழி மீள ஐந்து வாரங்களுக்கு மேல் ஆயிற்று. வெளித்தீவுகளுக்கான உள்நாட்டு வடம் 2023 வரை காத்திருந்தது.

எனினும், செய்மதி வடத்துக்குத் துணையாகலாம், கொள்கைக்குப் பதிலாகாது. கூரைத் தட்டின் உரிமை கல்லூரிக்கு இருக்கலாம். ஆனால் அது நோக்கும் வானத்தின் உரிமை ஒரு தனியார் நிறுவனத்துக்கே உண்டு. கட்டணத்தை உயர்த்துவதும், சேவையை மட்டுப்படுத்துவதும், நிறுத்துவதும் அந்நிறுவனத்தின் விருப்பம். 2025 ஜூலை 24இல் ஸ்ரார்லிங் வலையமைப்பு மென்பொருட் கோளாற்றினால் உலகளாவிய ரீதியில் இரண்டு மணி நேரத்துக்கு மேலாக முடங்கிற்று. இரண்டு மணி நேரம் பெரிதன்று. ஆயின் முடங்கிய கருவியைத் திருத்தும் அறிவோ அதிகாரமோ அத்தீவுகளில் எவரிடமும் இருக்கவில்லை என்பதே பெரிது. 1985இல் ஒரு செய்மதியை நம்பியிருந்தவர்கள் இன்று ஆயிரக்கணக்கான செய்மதிகளை நம்பியிருக்கின்றனர் என்றால், மாறியது எண்ணிக்கை; சார்புநிலையன்று.

மற்றொரு சாரார் இதற்கு நேர்மாறானவர்கள். தீவுகளுக்கு வேண்டியது படகும் மருந்தும் குடிநீரும். இணையம் பின்னர் பார்க்கலாம் என்பது அவர்தம் வாதம். இது மனிதாபிமானத்தின் மொழியிற் பேசப்படும் புறக்கணிப்பாகும். மருந்துப் பட்டியலை அனுப்புவதற்கும், படகின் வருகையை அறிவதற்கும், குடிநீர்த் திட்டத்தை வகுக்கும் பொறியியலாளனைப் பயிற்றுவதற்கும் தொடர்பு வேண்டும். தாதியரையும் ஆசிரியரையும் உள்நாட்டிற் பயிற்றாத தீவு, காலமெல்லாம் அவர்களை இறக்குமதி செய்யும்; அன்றேல் தன் இளைஞரை ஏற்றுமதி செய்யும். மைக்குரோனீசியர் ஐக்கிய அமெரிக்காவில் விசாவின்றி வாழவும் தொழில் செய்யவும் உடன்படிக்கை இடமளிக்கின்றது. குவாமிலும் ஹவாயிலும் பெருந்தொகையானோர் குடியேறியுள்ளனர். ஊரிலிருந்து கற்க முடியாதவர் ஊரைவிட்டு நீங்குவர் என்பது நிறுவப்பட வேண்டிய கருதுகோளன்று. விமான நிலையத்திற் காணத்தக்க காட்சி.

ஆகவே, இணையம் வேண்டுமா என்பது வினாவன்று. எத்தகைய இணையம், யாருடைய கையில், எதற்காக என்பனவே வினாக்கள். இவற்றுக்கு விடை கூறுமுன் நான்கு உண்மைகள் மனங்கொள்ளப்படல் வேண்டும்.

முதலாவது, கரையை அடைந்த வடம் வகுப்பறையை அடைந்ததாகாது. இறங்குநிலையத்துக்கும் வளாகத்துக்கும், வளாகத்துக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சந்தை தானாகக் கடக்காது. மைக்குரோனீசியக் கூட்டாட்சியில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் தொலைத்தொடர்பின் தனியுரிமையை நீக்கிற்று. ஒழுங்குபடுத்தும் அதிகார சபையொன்றையும் அமைத்தது. பின்னர், அனைத்துச் சேவையாளர்க்கும் சம நிபந்தனையில் திறந்துவிடப்படும் வடத்துக்கென அரசு நிறுவனமொன்றும் உருவாக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் போட்டி என்பது வாங்கும் வலுவுள்ளவனையே தேடிச் செல்லும். சில ஆயிரம் பேர் வாழும் தீவின் மாணவன் போட்டியாளர் எவருக்கும் இலாபமான வாடிக்கையாளன் அல்லன்.

இரண்டாவது, அகலம் மாத்திரம் பெருகினால் வீண்விரயமும் பெருகும். ஒரு மணி நேர விரிவுரையின் பதிவு 300 மெகாபைற்று எனக் கொள்க. நாற்பது மாணவர் தனித்தனியே அதனைக் கடல் கடந்து இறக்கினால் 12,000 மெகாபைற்று செல்லும். கல்லூரியின் சேவையகத்தில் ஒருமுறை இறக்கி வைத்து உள்ளூரில் விநியோகித்தால் 300 மெகாபைற்றே போதும். அவ்வாறே, ஒரே தீவில் இரு வேறு சேவையாளரைச் சார்ந்த ஆசிரியரும் மாணவரும் தொடர்புகொள்ளும்போது, உள்நாட்டில் இணையப் பரிமாற்ற நிலையம் இல்லையாயின் அச்செய்தி கடல் கடந்து சென்று மீள நேரிடும். அடுத்த அறைக்குக் கொடுக்கவேண்டிய கடிதத்தை அந்நிய நாட்டு அஞ்சலகத்தில் இடுவதை ஒத்த செயல் இது. வடம் அறும் நாளில் இவ்வேற்பாட்டின் பேதைமை முற்றாக வெளிப்படும்: தீவுக்குள்ளேயே தீவார் பேச முடியாதவராவர்.

மூன்றாவது, விதிகளும் தூரத்தை உண்டாக்குகின்றன. இக்கல்லூரிக்குத் தகுதிச் சான்று வழங்கும் ஆணைக்குழு கலிபோர்னியாவைத் தளமாகக் கொண்டது. மாணவரது கட்டணத்தைத் தாங்கும் பெல் நிதியுதவி வோஷிங்டனிலிருந்து வருவது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஒழுங்கான, பொருளுள்ள ஊடாட்டம் நிகழ்ந்தாலன்றித் தொலைக்கல்வியை அமெரிக்கச் சட்டம் தொலைக்கல்வியாக ஏற்பதில்லை. அதனை அஞ்சல்வழிக் கல்வி என வகைப்படுத்தி நிதியுதவியை வரையறுக்கின்றது. போலிக் கல்வி நிறுவனங்களைத் தடுக்கும் நோக்கில் எழுந்த நியாயமான விதி இது. கண்டத்தின் நகரமொன்றில் அதனை நிறைவேற்றுதல் எளிது. மாதத்துக்கொரு முறை கப்பல் வரும் பவளத்தீவில் அதே விதி மாணவனைத் தண்டிக்கும் விதியாக மாறுகின்றது. தொடர்பு இல்லாமை அவனது குற்றமன்று. ஆயினும் அபராதம் அவனுக்கே.

நான்காவது, மொழி. ஸ்பெயின், ஜேர்மனி, யப்பான், ஐக்கிய அமெரிக்கா என நான்கு ஆட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக இத்தீவுகள் கண்டன. அறிவு கப்பலில் வந்து இறங்கும் பண்டம், தீவார் அதன் நுகர்வோர் என்ற எண்ணம் அவ்வாட்சிகளூடு வேரூன்றிற்று. இணையம் அக்கப்பலின் புதிய வடிவமாகும் அபாயம் உண்டு. யாப்பிய மொழியும் சூக்கிய மொழியும் போன்பேய மொழியும் கொஸ்ராயன் மொழியும் பேசப்படும் நாட்டில், கல்லூரியின் போதனை மொழி ஆங்கிலம். இறக்கப்படும் பாடங்களும் ஆங்கிலம். அவற்றின் எடுத்துக்காட்டுகள் பனிபொழியும் ஊர்களுக்கும் தொடருந்துகளுக்கும் உரியவை. உயிரியல் கற்கும் மாணவன் தன் காயலின் பவளத்தை விடுத்து அந்நியக் காட்டின் மானை ஆராய்கின்றான். வேகமான வடம் இந்நிலையை மாற்றாது, விரைவுபடுத்தும்.

இவ்வுண்மைகளினின்றும் பெறப்படும் கடமைகள் கனவுகளல்ல, நிறைவேற்றத்தக்கவை. ஒவ்வொரு வளாகத்திலும் வெளித்தொடர்பு அறுந்தாலும் இயங்கும் சேவையகமும் நூலகத்தின் பிரதியும் இருத்தல் வேண்டும். மூடில், கோலிப்ரி போன்ற கட்டற்ற மென்பொருட்கள் இதற்கென இருக்கின்றன. கோலிப்ரி இணையமில்லாச் சூழலுக்கென்றே ஆக்கப்பட்டது. நேரலை விரிவுரையே எண்மக் கல்வி என்ற மயக்கம் ஒழிதல் வேண்டும். பாடம் பதிவாகவும் எழுத்தாகவும் ஒலியாகவும் முன்னரே சென்றடைய, உரையாடலுக்கு மாத்திரம் அகலம் செலவாகட்டும். வடமும் செய்மதியும் இரண்டும் வேண்டும். ஒன்று அறும்போது மற்றது எதனை முதலிற் சுமக்கும் என்பது முன்கூட்டியே வரையப்பட்டிருத்தல் வேண்டும். மருத்துவமனைக்கு அடுத்தபடியாகக் கல்லூரி அவ்வரிசையில் இடம்பெறுதல் நியாயம்.

கல்விக் கட்டணச் சலுகை அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாக்கப்படல் வேண்டும். நிறுவனத்தின் தருமமாக விடப்படலாகாது. இது நடவாத காரியமன்று. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் இலங்கையின் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் பல்கலைக்கழகச் சேவையகங்களுக்கான தரவைக் கட்டணமின்றி வழங்கின. பல்கலைக்கழகங்களை இணைக்கும் தேசிய வலையமைப்பொன்று ஏலவே இருந்தமையாலேயே அது கைகூடிற்று. வலையமைப்பு சந்தையின் அருளாற் பிறக்கவில்லை; கல்வியாளரின் நீண்டகால உழைப்பாற் கட்டப்பட்டது. அதே காலத்திற் கருவியில்லாத மாணவரும், அலைவரிசை தேடி மேட்டுநிலம் ஏறிய மாணவரும் இருந்தனர் என்பதும் மறக்கப்படலாகாது. கட்டணச் சலுகை கருவியில்லாதவனுக்கு உதவாது. ஆதலின் வளாகத்தின் வாசிப்பறை இரவிலும் திறந்திருப்பதும், கணினி இரவல் கொடுக்கப்படுவதும் சலுகையோடு இணைந்த கடமைகளாம்.

யாவற்றுக்கும் மேலாக, பணத்தின் ஒரு பகுதி மனிதருக்குச் செலவாதல் வேண்டும். வடத்துக்குக் கோடிகள் ஒதுக்கும் உதவியாளர், அதனைப் பராமரிக்கும் உள்ளூர்த் தொழில்நுட்பவியலாளரின் பயிற்சிக்கு ஒதுக்குவது அரிது. ஏனெனில் பயிற்சி பெற்ற மனிதனைப் புகைப்படமெடுத்து நாடா வெட்ட இயலாது. கல்லூரி தன் மாணவரையே இவ்வேலைக்குப் பயிற்றுதலே தகும். தாய்மொழியிற் பாடம் ஆக்கும் ஆசிரியருக்கு நேரமும் ஊதியமும் ஒதுக்கப்படல் வேண்டும். சூக்கிய மொழியில் ஆக்கப்பட்ட மகப்பேற்றுப் பாடம் ஒன்று, இறக்குமதி செய்யப்பட்ட ஆயிரம் விரிவுரைகளிலும் அதிக உயிர்களைத் தொடவல்லது.

ஹவாயிலிருந்து பெரும்பாலும் குரலே வந்த காலத்தில் தீவுகள் பேசின. இன்று உருவமும் ஒலியும் எழுத்தும் வெள்ளமென வருங்காலத்தில் அவை பார்வையாளராக அமர்த்தப்படுமாயின், அதனை முன்னேற்றம் என்று அழைத்தல் மொழிக்குச் செய்யும் துரோகமாகும். வினாடிக்கு எத்தனை கோடி எழுத்துகள் உள்ளே வந்தன என்பதை மாத்திரம் அளக்கும் அளவுகோல் வணிகனின் அளவுகோல். தீவிலிருந்து எத்தனை வினாக்கள் வெளிச்சென்றன, எத்தனை பாடங்கள் தீவிலேயே ஆக்கப்பட்டன, வடம் அறுந்த நாளில் எத்தனை வகுப்புகள் தடையின்றி நடந்தன என்பனவே கல்வியாளனின் அளவுகோல்கள். அவற்றால் அளக்கத் துணியாத அரசும், நிதியளிக்கும் வல்லரசும், சான்று வழங்கும் ஆணைக்குழுவும் கடலின்மீது பழிசுமத்தும் உரிமையை இழந்துவிட்டன. தீவுகளைத் தனிமைப்படுத்துவது இன்று கடலன்று. தீவுகளைக் கேளாமலே தீவுகளுக்காகத் தீர்மானிக்கும் வழக்கமே.